3 மலை, 60 கட்டம்: என் சிசிஏ வரைபடத்தை நம்பலாமா?

செம்மண்தூசி:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் எந்தச் செடி எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. நாகமலை, அழகர்மலை, சிறுமலை அடிவாரம் என்று மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் 20 குவாட்ராட், அதாவது செடி எண்ணும் சதுரக் கட்டம், மொத்தம் 60. ஒவ்வொரு கட்டமும் 10 மீட்டருக்கு 10 மீட்டர். மரம், புதர் எல்லாவற்றையும் எண்ணினேன். கூடவே மண்ணின் பிஹெச் (அமில காரத் தன்மை), இசி (மின்கடத்துத் திறன், உப்பின் அளவைக் காட்டும்), கரிமக் கார்பன், உயரம், சாய்வு, சரிவு பார்க்கும் திசை, பாறை மூடிய பரப்பு, ஆண்டு மழையளவு.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் வீகன் தொகுப்பை வைத்து சிசிஏ போட்டேன். செடி எண்ணிக்கையையும் சுற்றுச்சூழல் அளவுகளையும் சேர்த்து, கட்டங்களைப் புள்ளியாகவும் அளவுகளை அம்பாகவும் ஒரே படத்தில் காட்டும் முறை அது. மழை, பிஹெச், உயரம் மூன்றுக்கும் பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு பொருத்தம் வரும் வாய்ப்பு) 0.001 வந்தது. வழிகாட்டிக்கு ரொம்ப சந்தோஷம், எழுத ஆரம்பி என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் உறுத்துகிறது. நாகமலையில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். மண் ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். ஒன்றில் உசில் அடர்ந்து நிற்கிறது. இன்னொன்றில் ஆவாரையும் விராலியும்தான். அந்த வித்தியாசத்தை என் வரைபடத்தில் இருக்கும் எந்த அம்பும் சொல்லவில்லை. நான் முறையைத் தப்பாகப் போட்டேனா, இல்லை வேறு முறைக்குப் போகணுமா?

எண்கணக்கு:

வணக்கம்மா. முறைக்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு கேள்வி. மழையளவு எங்கிருந்து எடுத்தீர்கள்? ஒவ்வொரு கட்டத்திலும் மழைமானி வைத்திருக்க முடியாது.

செம்மண்தூசி:

இல்லை சார். ஒவ்வொரு மலைக்கும் பக்கத்தில் இருக்கும் மழைமானி நிலையத்தின் சராசரியை எடுத்துக்கொண்டேன்.

எண்கணக்கு:

அப்படியானால் உங்கள் அட்டவணையில் மழைக்கு 60 வரிகள் இருந்தாலும் எண்கள் மூன்றுதான். நாகமலையின் 20 கட்டங்களுக்கும் ஒரே எண், அழகர்மலைக்கு ஒரு எண், சிறுமலைக்கு ஒரு எண். நீங்கள் அதை மழை என்கிறீர்கள். கணினிக்கு அது மலையின் பெயர். மூன்று மலைகளும் பாறையில், வெட்டு நடந்த வரலாற்றில், கோயில் காட்டில் என்று நூறு விதத்தில் வேறுபடும். அந்த நூறும் சேர்ந்து ‘மழை’ என்ற அம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த 0.001. வீகன் செய்வது இதுதான்: சுற்றுச்சூழல் அட்டவணையின் வரிகளைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கி, குலுக்கியதற்கும் உண்மையானதற்கும் பொருத்தத்தை ஒப்பிடுகிறது. 999 தடவை குலுக்கினால், உண்மையான அடுக்கையும் சேர்த்து ஆயிரம். ஆயிரத்தில் ஒன்று 0.001. அந்த எண்ணிக்கைக்கு அதைவிடச் சின்ன பி மதிப்பு வரவே முடியாது. மூன்று அம்புகளுக்கும் ஒரே எண் வந்ததன் காரணம் அதுதான். மூன்றும் ஒரே வலிமை என்று அர்த்தமில்லை.

ஆனால் அந்தக் குலுக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த வரியும் எந்த வரியோடும் இடம் மாறலாம் என்றால்தான் அது நியாயம். மழை விஷயத்தில் கட்டங்கள் தனித்தனியாக மாறவில்லை, மலை மொத்தமாகத்தான் மாறுகிறது. அப்போது மலைகளைத்தான் குலுக்க வேண்டும். மூன்று மலைகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? 3 × 2 × 1, ஆறு. ஆறில் ஒன்று 0.17. உங்கள் தரவில் மழைக்கு வரக்கூடிய ஆகச் சின்ன பி மதிப்பே 0.17. ஒரு மலையில் 20 கட்டம் இல்லை, 200 கட்டம் போட்டிருந்தாலும் இதேதான்.

இதைத்தான் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-ல் போலி மறுசெய்கை என்று பெயர் வைத்து எழுதினார். ஒரே பானைச் சோற்றில் இருபது பருக்கை எடுத்துப் பார்த்தால் அந்தப் பானை வெந்ததா என்று தெரியும். ஊர்ச் சோறெல்லாம் வெந்ததா என்று தெரியாது.

சிறுமலைச்சாரல்:

சார், அப்போ பிஹெச்சும் போச்சா? என் ஆய்விலும் இதே அமைப்புதான். படிக்கும்போதே வயிறு கலங்குகிறது.

எண்கணக்கு:

பிஹெச் போகவில்லை தம்பி. அது ஒரே மலைக்குள்ளேயே கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. அதனால் குலுக்கலை மலைக்குள்ளேயே அடக்கி வையுங்கள். நாகமலை வரிகள் நாகமலைக்குள், அழகர்மலை வரிகள் அழகர்மலைக்குள். வீகனில் குலுக்கலுக்கான அமைப்பில் மலையைத் தொகுதியாகக் கொடுத்தால் போதும். மலையின் பெயரை நிபந்தனை மாறியாகவும் கொடுத்து அதன் பங்கை முதலில் கழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பிஹெச் நின்றால், அது தன் காலில் நிற்கிறது என்று சொல்லலாம்.

உயரத்துக்கும் இதையே செய்யுங்கள். உயரமும் பாறைப் பரப்பும் சேர்ந்தே ஏறும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் எது யாருடைய பங்கு என்று பிரியாது. விஐஎஃப் பாருங்கள், ஒரு மாறி மற்ற மாறிகளோடு எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்று காட்டும் எண் அது. பத்தைத் தாண்டினால் ஒன்றை எடுத்துவிடலாம்.

வெப்பாலை:

நான் கள ஆள். கணக்கு அவ்வளவாக வராது, ஆனால் இரண்டு மூன்று விஷயம் கேட்கணும் தங்கச்சி.

முதலாவது, திசையை டிகிரியாகவா கொடுத்தாய்? 359 டிகிரியும் 1 டிகிரியும் இரண்டுமே வடக்கு. கணக்குக்கு அவை இரண்டும் எதிரெதிர்க் கோடி. கோசைன் எடுத்தால் வடக்குத்தன்மை, சைன் எடுத்தால் கிழக்குத்தன்மை. இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்.

அதிலும் ஒன்றைக் கவனி. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் தெற்குச் சரிவு வறண்டது, வடக்குச் சரிவு ஈரம் என்று இருக்கும். அது அவர்கள் ஊருக்கு. நாம் இருப்பது 10 டிகிரி அட்சரேகை ஓரத்தில். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த கையோடு, உச்சி வெயில் நேரே தலைமேல் நிற்கும், நிழலே விழாது. அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆகக் கடும் வெயில் காலத்தில் வடக்குச் சரிவும் நன்றாகவே காய்கிறது. அதனால் இங்கே கிழக்கு மேற்கு வித்தியாசத்தைத் தள்ளிவிடாதே. காலை வெயில் வாங்குகிற சரிவும் மூன்று மணி வெயில் வாங்குகிற சரிவும் ஒன்றில்லை. நாகமலையில் மத்தியானத்துக்கு மேல் மேற்கு முகத்தில் பாறையைத் தொட்டுப் பார்த்திருந்தால் உனக்கே தெரியும்.

இரண்டாவது, எந்த மாதம் போனாய்? மூன்று மலைக்கும் ஒரே பருவத்திலா?

மூன்றாவது, வெட்டிய தூரிலிருந்து தழைத்த உசிலை எப்படி எண்ணினாய்? ஒரு தூரில் ஏழு கிளை நின்றால் ஒன்றா, ஏழா?

செம்மண்தூசி:

அக்கா, டிகிரியாகத்தான் கொடுத்திருந்தேன். மாற்றிவிடுகிறேன்.

பருவம் கேட்டதும் பக்கென்று இருந்தது. நாகமலையும் அழகர்மலையும் பங்குனியில் முடித்தேன். சிறுமலைக்கு வன அனுமதி தாமதமாகி, ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் போனேன். மண்ணும் அப்போதுதான் எடுத்தேன்.

உசிலை ஏழு என்றுதான் எண்ணினேன். தரைமட்டத்தில் தனித்தனியாக இருந்த கிளைகளை எல்லாம் தனி மரமாக.

வெப்பாலை:

நம் பக்கம் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழைதான். அந்த மழைக்கு முன்னும் பின்னும் ஒரே சரிவு இரண்டு காடு மாதிரி இருக்கும். மழை பெய்தால் மேல்மண்ணின் உப்பு கரைந்து இறங்கும், இசி குறையும். ஆக உன் சிறுமலை இசி குறைவாக இருந்தால் அது சிறுமலையின் குணமா, ஐப்பசியின் குணமா என்று பிரிக்க முடியாது. மரம், பெரிய புதர் ஆகியவற்றுக்குப் பருவம் அவ்வளவு பாதிக்காது, அது உனக்கு நல்லது. இசியை மட்டும் விட்டுவிடு, இல்லையென்றால் ஒரே மாதத்தில் மூன்று இடத்திலும் மறுபடி மண் எடு.

உசிலைத் தூராக எண்ணு. வேர் ஒன்று என்றால் மரம் ஒன்று. கிளை எண்ணிக்கையைத் தனிப் பத்தியில் வை, எறியாதே. அரப்புக்கு இலை பறிக்கவும், வயலுக்குத் தழை உரம் போடவும், விறகுக்கும் உசிலை எத்தனையோ தலைமுறையாக வெட்டுகிறார்கள். வெட்டியதில் இருந்துதான் அந்த ஏழு கிளை வந்தது. நீ ஏழு மரம் என்று எழுதினால் அதிகமாக வெட்டிய இடம் அதிக மரம் உள்ள இடமாகக் காகிதத்தில் மாறிவிடும்.

சிறுமலைச்சாரல்:

ஒரு அடிப்படைக் கேள்வி. பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு) போடாதே, காட்டுத் தரவுக்கு அது ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் புரியும்படி சொன்னதில்லை.

எண்கணக்கு:

சொல்கிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு உசில், ஒரு வெப்பாலை. இரண்டாவதில் பத்து உசில், பத்து வெப்பாலை. மூன்றாவதில் ஒரே ஒரு சீமைக்கருவேலம், வேறொன்றும் இல்லை. முதல் கட்டத்துக்கு எது நெருக்கம்? கண்ணால் பார்க்கிற யாரும் இரண்டாவது என்பார்கள். ஒரே காடு, ஒன்று அடர்த்தி, ஒன்று இளசு.

பிசிஏ பயன்படுத்துவது யூக்ளிட் தொலைவு. வித்தியாசத்தை வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம். முதலுக்கும் இரண்டாவதுக்கும் 81 + 81, வர்க்கமூலம் 12.7. முதலுக்கும் மூன்றாவதுக்கும் 1 + 1 + 1, வர்க்கமூலம் 1.7. ஒரு செடிகூடப் பொதுவாக இல்லாத இரண்டு கட்டங்களை அது பக்கத்து வீடு என்கிறது.

பிரே, கர்ட்டிஸ் இருவரும் 1957-ல் விஸ்கான்சின் காடுகளுக்குப் பயன்படுத்திய அளவை எடுங்கள். வித்தியாசங்களின் கூட்டலை மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முதல், இரண்டாவது: 18-ஐ 22-ஆல் வகுத்தால் 0.82. முதல், மூன்றாவது: 3-ஐ 3-ஆல் வகுத்தால் 1, அதாவது முழு வேறுபாடு. இப்போது வரிசை சரியாகிவிட்டது. எண்ணிக்கையைக் கட்டத்தின் மொத்தத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துவிட்டால், அதுதான் ஹெல்லிங்கர் மாற்றம், முதலுக்கும் இரண்டாவதுக்கும் தொலைவு சுழியமே ஆகிவிடும். அந்த மாற்றத்துக்குப் பிறகு பிசிஏவோ, அதையே சுற்றுச்சூழல் மாறிகளோடு சேர்த்துப் போடும் ஆர்டிஏவோ தாராளமாகப் போடலாம். லெஜாண்டர், கல்லகர் 2001-ல் இதை விளக்கமாக எழுதினார்கள்.

இன்னொரு சிக்கல் இரட்டைச் சுழியம். கண்மாய்க்கரையில் உசில் இல்லை, ஈரம் அதிகம். மொட்டைப் பாறையில் உசில் இல்லை, மண்ணே இல்லை. இரண்டிலும் ‘இல்லை’ என்பதை ஒற்றுமையாக எண்ணினால் கண்மாயும் பாறையும் சொந்தமாகிவிடும். அடிவாரத்தில் சீமைக்கருவேலம், நடுவில் உசில், மேலே பாறையிடுக்கில் சதுரக்கள்ளி என்று நேராக ஏறுகிற வரிசை, பிசிஏ படத்தில் லாடம் போல வளைந்து இரு முனையும் ஒன்றையொன்று பார்க்க வருவது இதனால்தான். செடிகள் நேர்கோட்டில் கூடுவதில்லை. ஓர் இடத்தில் உச்சம் தொட்டு இரு பக்கமும் இறங்குகின்றன, மணி கவிழ்த்த மாதிரி. சிசிஏ அந்த மணி வடிவத்தை ஏற்றுக்கொண்டு செய்தது. டெர் பிராக் 1986-ல் வெளியிட்டார்.

ஆர்டிஏ பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதன் வேர் சி.ஆர்.ராவ் 1964-ல் ‘சங்க்யா’ இதழில் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். 2023-ல் தம் 102-ஆம் வயதில் மறைந்தார். இன்று உலகத்தில் எந்தக் காட்டை அளப்பவரும் அந்தக் கணக்கைத் தொடாமல் போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

செம்மண்தூசி:

சார், நோட்டில் போட்டுப் பார்த்தேன். 12.7, 1.7 இரண்டும் வந்தன. இரண்டு வருடமாக வராத தெளிவு.

மலைக்குள்ளேயே குலுக்கிப் பார்த்துவிட்டேன். மழையை எடுத்துவிட்டேன். பிஹெச் நிற்கிறது, ஆனால் முன்பு இருந்த மாதிரி இல்லை. அந்த நாகமலை ஜோடி மட்டும் இன்னும் புரியவில்லை. அழகர்மலையில் ஊற்றுப் பக்கம் போட்ட ஒரு கட்டமும் தொந்தரவு. நீர்மருதும் நாவலும் அதில் மட்டும்தான் இருக்கின்றன. படத்தில் அந்த ஒரு புள்ளி ஒரு கோடியில், மீதி 59-ம் மறுகோடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

எண்கணக்கு:

ஊற்றுக் கட்டம் ஏன் இழுக்கிறது என்றால், சிசிஏவின் அடியில் இருப்பது கை-ஸ்கொயர் (χ²) தொலைவு. அபூர்வமான செடிக்கு அது எடை அதிகமாகக் கொடுக்கும். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை, வைத்து ஒரு தடவை போட்டு இரண்டையும் ஆய்வேட்டில் சொல்லுங்கள். சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள்.

நாகமலை ஜோடிக்கு வருகிறேன். சிசிஏ நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நீங்கள் அளந்த மாறிகளால் விளக்க முடிந்த பகுதியை மட்டும் எடுத்துப் படமாக்கும். அளக்காத ஒன்று காட்டை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தால், அது அந்தப் படத்தில் வராது. அதனால் சுற்றுச்சூழல் அட்டவணையைத் தொடாமல், செடிகளை மட்டும் வைத்து என்எம்டிஎஸ் போடுங்கள். மதுரை, மேலூர், நத்தம், உசிலம்பட்டி, திருமங்கலம் என்ற ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் கொடுத்து இந்தப் பகுதியின் வரைபடத்தை மீட்டெடுப்பது போன்ற வேலை அது. வடக்கு கீழே வரலாம், படம் திரும்பி வரலாம், அதில் ஒன்றும் இல்லை. யார் யாருக்குப் பக்கத்தில் என்பதுதான் முக்கியம். ஸ்ட்ரெஸ், அதாவது படம் உண்மையான தூரங்களிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண், 0.2-க்குக் கீழே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் மாறிகளை அதன்மேல் அம்பாக விழச் செய்யுங்கள். புள்ளிகள் பிரிந்து நிற்கிற திசையில் எந்த அம்பும் போகவில்லை என்றால், களத்தில் எதையோ விட்டுவிட்டீர்கள்.

செம்மண்தூசி:

நேற்று ராத்திரி போட்டேன். நாகமலை மட்டும் இரண்டாகப் பிரிகிறது. 3, 4, 7, 11, 12, 16 ஆகிய கட்டங்கள் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். அந்தத் திசையில் என் அம்பு ஒன்றுகூட இல்லை. பிஹெச் குறுக்கே போகிறது. அந்த ஆறிலும் ஆவாரை, விராலி, எருக்கு. உசில் இருக்கிறது, ஆனால் முழங்கால் உயரத்தில் தூர் தூராக.

கிடைக்காரர்மகன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குப் புள்ளியியல் தெரியாது. அப்பா நாகமலை அடிவாரத்தில் நாற்பது வருடமாக ஆடு மேய்க்கிறார், பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நானும் போயிருக்கிறேன். ஆவாரை, விராலி, எருக்கு என்று சொன்னீர்கள் பாருங்கள், மூன்றையும் ஆடு வாய் வைக்காது. உசில் கொழுந்து என்றால் ஓடும். அந்த ஆறு கட்டங்களும் எங்கே என்று சொல்ல முடியுமா? ஏதாவது அடையாளம்?

செம்மண்தூசி:

அண்ணே, 3-ம் 4-ம் அடிவாரத்தில் ஊருணிக்கு மேலே. 7 ஒரு பெரிய பாறைக்குப் பக்கம், பாறையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்திருக்கும். 11, 12 அதற்கு மேலே இருக்கும் வளைவில். 16 மேட்டில், ஒற்றைப் புளியமரம் தெரியும்.

கிடைக்காரர்மகன்:

அதுதான் ஆட்டுப்பாதை. கிடையிலிருந்து காலையில் கிளம்பினால் ஊருணியில் தண்ணீர் காட்டி, சுண்ணாம்புப் பாறைக்கு இடதுபுறமாக ஏறி, அந்த வளைவில் வெயில் ஏறும் வரை மேய விட்டு, புளியமரத்தடியில் மத்தியானம் மடக்குவோம். திரும்பி வரும்போதும் அதே வழி. தாத்தா காலத்திலிருந்து அந்த வழிதான். பத்தடி தள்ளி இருக்கும் சரிவு பாறைச் சரளை, ஆடு கால் வைக்காது. அதனால்தான் அங்கே உசில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. உங்கள் இரண்டு கட்டத்துக்கும் மண் ஒன்றுதான், நீங்கள் சொன்னது சரி.

வெப்பாலை:

இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பதினைந்து வருடமாக அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறேன். ஒரு தடவைகூட மேய்ப்பவர் ஒருவரிடம் வழி கேட்கத் தோன்றவில்லை.

தங்கச்சி, கட்டத்துக்குள் ஆட்டுப் புழுக்கையை எண்ணு. ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஐந்து போட்டு எண்ணினால் போதும். பாதையிலிருந்து தூரம், ஊருணியிலிருந்து தூரம், வெட்டுத் தழும்பு உள்ள தூர் எத்தனை, இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்.

செம்மண்தூசி:

அந்த ஆறு கட்டங்களை ‘மேய்ச்சல் உண்டு’ என்று குறித்து இப்போதே பெர்மனோவா (குழுக்களின் செடிக்கூட்டம் வேறானதா என்று குலுக்கிப் பார்க்கும் சோதனை) போட்டால் பி மதிப்பு கண்டிப்பாக நன்றாக வரும் இல்லையா?

எண்கணக்கு:

வரும். அதனால்தான் போடக்கூடாது. படத்தில் பிரிந்து நின்றதைப் பார்த்துத்தான் அந்த ஆறைத் தேர்ந்தெடுத்தீர்கள். செடிகளை வைத்துக் குழு பிரித்துவிட்டு, அதே செடிகளை வைத்து அந்தக் குழுக்கள் வேறானவையா என்று சோதித்தால் ஆம் என்றுதான் வரும். விடைத்தாளைப் பார்த்துக் கேள்வி எழுதுவது போன்றது.

தம்பி சொன்னது விலைமதிப்பில்லாத தகவல். அதைக் கருதுகோளாக வைத்துக்கொண்டு மறுபடி களத்துக்குப் போங்கள். 60 கட்டத்திலும் புழுக்கை எண்ண வேண்டும், அந்த ஆறில் மட்டும் இல்லை. எண்ணுகிறவருக்கு எந்தக் கட்டம் எந்தப் பக்கம் பிரிந்தது என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதோடு பாதையின் இரு பக்கமும் புதிதாகக் கொஞ்சம் கட்டங்கள், இடத்தை முன்கூட்டியே குலுக்கல் முறையில் தேர்ந்து. செடியைப் பார்ப்பதற்கு முன்பே, பாதைக்குப் பக்கம் என்றால் ஆவாரை மிகும், உசில் தூராகும் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். புதிய கட்டங்கள் அதன்படி வந்தால் அது ஆய்வு.

நேரமும் அனுமதியும் கிடைத்தால் இன்னும் மூன்று மலைகளைச் சேருங்கள். யானைமலை, பசுமலை, சமணர்மலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மலைக்குப் பத்துக் கட்டம் போதும். ஆறு மலைகள் என்றால் 720 விதமாக அடுக்கலாம். அப்போது மலையளவில் மாறுகிற விஷயங்களைப் பற்றியும் வாய் திறக்கலாம்.

சிறுமலைச்சாரல்:

வழிகாட்டி ஒத்துக்கொள்வாரா? எழுத ஆரம்பி என்று சொல்லிவிட்டாரே.

செம்மண்தூசி:

இன்று காலையில் பேசினேன். 0.17 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், மார்கழி முடிவதற்குள் களவேலையை முடித்துவிடு, மூன்று மலை மண்ணையும் ஒரே வாரத்தில் எடு என்றார்.

அண்ணே, உங்கள் அப்பாவோடு ஒரு நாள் நாகமலை ஏற முடியுமா? பாதை முழுவதையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிடைக்காரர்மகன்:

அப்பாவிடம் கேட்டேன், வரச் சொல்கிறார். கிடையிலிருந்து ஆடு ஏழு மணிக்குக் கிளம்பிவிடும், ஆறரைக்கு ஊருணிக் கரைக்கு வந்துவிடுங்கள். வேறு இரண்டு கிடைக்காரர்களின் பாதை மலையின் அந்தப் பக்கம் இருக்கிறது, அவர்களையும் பார்க்க வைக்கிறேன். பழைய பாதை ஒன்றும் உண்டு, அப்பா சின்னப் பையனாக இருந்தபோது போனது. இப்போது யாரும் போவதில்லை. அங்கே உசில் எப்படி நிற்கிறது என்று அப்பாவுக்கே பார்க்க ஆசை.